ஜீபிஎஸ் காட்டிக்கொடுத்த வழி

என் வீட்டுக்காரர் சர்வேயர் கெவின் ஐயாவுக்கு,

நான் படிப்பிக்க ஸ்கூலுக்குப் போறேன். ரொட்டியும் கட்டச் சம்பலும் மூடி வெச்சிருக்கேன்.

நேத்து மண்சரிவு அளக்க நீங்க நடந்த பாதையை ஜீபிஎஸ்ல இருந்து கம்ப்யூட்டர் மேப்புக்கு ஏத்திட்டேன். நீங்க குடுத்தது வெறும் சார்ஜ் கேபிள், அதுல ஒண்ணுமே வரல. வேற கேபிள் தேடி எடுத்தேன்.

கிறிஸ்மஸ் சண்டையில இருந்து, "உன் அம்மா வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு நிக்கிறீங்க. நேத்தும், "வேலை முடிஞ்சு நேரா வந்தேன்"னீங்க. மிஷினை நிப்பாட்ட மறந்துட்டீங்களே! மேப்புல கோடு நம்ம வீட்டுக்கு வர்ற பூனாகலை ரோட்டுக்கு வராம, வளைஞ்சு அம்மா இருக்கிற தோட்டத்து லய வீட்டுக்குப் போய் ரெண்டு மணித்தியாலம் அங்கேயே நிக்குது. காலையில அம்மா போன் பண்ணி, கூரை இப்ப ஒழுகலன்னாங்க. தகரம் யார் மாத்தினதுன்னு கேட்டா சிரிக்கிறாங்க.

ஆபீஸ் ஃபைல்ல அந்தத் துண்டை வெட்டிட்டேன். எனக்கு ஒரு காப்பி இருக்கு. அடுத்த சண்டைக்கு ஆகும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ரெண்டு பேரும் அங்க போவோம். உங்களுக்குத்தான் வழி தெரியுமே.

றொஷேல்

சொல்ல மறந்துட்டேன்: ஜீபிஎஸ்ல மத்த லயத்துக்கெல்லாம் நம்பர் மட்டும் போட்டிருக்கீங்க. அந்த ஒண்ணுக்கு மட்டும் "அம்மா வீடு"ன்னு பேர் வெச்சிருக்கீங்க. அப்ப, என்கிட்ட பேசும்போது மட்டும்தான் அவங்க "உன் அம்மா"வா?