காதோர மச்சமும் குதிரை மயிரும்

14 ஜூலை 1986
எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் ஞானசுந்தரி எழுதுகிறாள். என் பேச்சுக்கு இஸ்திரி போட்டுத்தான் எழுதுவாள். சேலத்து ஆஸ்பத்திரி டாக்டர் உத்தரவு: உடம்பில் எது மாறினாலும் தேதி போட்டுக் குறி.

இடது காதுக்குப் பின்னால் கறுப்பு மச்சம். பங்குனியில் வளர ஆரம்பித்தது. பாலுண்ணி என்று நினைத்து, ஏரிக்கரையில் டூரிஸ்டுகளை ஏற்றும் குதிரையின் வால் மயிரைப் பிடுங்கி இறுக்கிக் கட்டினேன். ஒன்பதாம் நாள் உதிர்ந்தது. குதிரை உதைத்த இடம்தான் அதிகம் வலித்தது. ஆனியில் அதே இடத்தில் இரட்டிப்பாக முளைத்து ரத்தம் கசிந்தது.

"உதிர்ந்த துண்டு எங்கே? அது எத்தனை தடிமன்னு பார்த்தாத்தான் எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு தெரியும்" என்றார் டாக்டர்.

"காப்பிச் செடிக்குள்ள வீசிட்டனுங்க. எறும்பைத்தான் கேக்கோணும்."

அவர் சிரிக்கவில்லை.

18 ஜூலை
மெலனோமாவாம். எஸ்டேட் துரைசாணி பேர் மாதிரி இருக்கிறது. புற்றுநோயில் ஒரு வகை. கழுத்து நெறிகட்டிக்கும் போய்விட்டது. காது மடலையும் நெறிகட்டிகளையும் வெட்ட வேண்டும்.

"வெட்டினா பொழைப்பனுங்களா?"

"பத்துப் பேருக்கு வெட்டினா, அஞ்சு வருஷம் கழிச்சு மூணு, நாலு பேர் இருப்பாங்க."

"வெட்டாட்டி?"

பேனாவை மூடினார்.

19 ஜூலை
பெண்டாட்டி சின்னத்தாயி அழுதாள். "ஒத்தக் காதுல நீ திட்டறது பாதிதான் கேக்கும், உடு" என்றேன். அதற்கும் அழுதாள். சொல்லியிருக்கக் கூடாதோ?

6 ஆகஸ்ட்
இரண்டாம் தேதி வெட்டிவிட்டார்கள். அந்தப் பத்துப் பேரில் மீதி ஒன்பது பேரை வார்டில் தேடினேன். எல்லோருக்கும் வாயில், கன்னத்தில் புகையிலைப் புற்று. என் நோய் எனக்கு மட்டும்தான். அப்படியானால் பத்துப் பேரும் நானேதான். சாகிற ஆறும் நான், இருக்கிற நாலும் நான்.

பயமா? — நொம்ப. அத எழுதாத கண்ணு.

எழுதிவிட்டாள்.

11 ஜனவரி 1987
மடல்தான் போனது, திட்டு முழுசாகக் கேட்கிறது. ஏமாந்துவிட்டேன். கழுத்தில் வெட்டியதில் இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. மிளகு பறிக்க ஒற்றைக் கை. பக்கத்துக் காட்டுச் சித்தன் வந்தான்.

"ஏனுங்க மாமா, கடுக்கன் ஒண்ணு மிச்சமாமே?"

"உன்ர மூக்குல மாட்டிக்க கண்ணு."

5 ஜூன் 1988
இருமல். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். பீடிதான் காரணமாம், டாக்டர் திட்டினார். இத்தனை சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை.

3 ஆகஸ்ட் 1991, சனி
நேற்றோடு ஐந்து வருஷம். இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார் டாக்டர்.

சனிக்கிழமைதோறும் சின்னத்தாயிதான் எண்ணெய் தேய்த்துவிடுவாள். தேய்க்கிற சாக்கில் விரல் கழுத்தெல்லாம் ஓடும் — அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி கட்டி தேடும். அவளும் சொன்னதில்லை, நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

இன்று, பன்றி மரவள்ளியைத் தோண்டியதற்கு என்னைத் திட்டிக்கொண்டே உச்சியில் நாலு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"கழுத்து?" என்றேன்.

"உங்க கைய என்ன பஸ்சுலயா உட்டுட்டு வந்தீங்க? தேச்சுக்கோங்க."

தேய்த்துக்கொண்டேன்.