'ஏனுங்க'வுக்கு விழுந்த பீப்

அன்புள்ள பங்காளி,

நேற்று ஏற்காடு-நாகலூர் பஸ்ஸில் கண்டக்டர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "ஏனுங்க, டிவி மந்திரிதானுங்களே? உங்க ஜோடி எங்கீங்க?" என்றார். நான் முழித்தேன். நடிப்பென்று நினைத்து பஸ்ஸே சிரித்தது.

"ஏனுங்க மந்திரி, ரோடு எங்கீங்க?" என்று நீ கேட்பாய், நான் முழிப்பேன். நம் நிகழ்ச்சியே அவ்வளவுதான். நிஜ மந்திரிக்குச் சுட்டதும், சேனல் உன் 'ஏனுங்க'வுக்கெல்லாம் பீப் போட்டு, மன்னிப்புக் கடிதத்தையும் நம்மிடம் நீட்டியது. நீ எழுந்து போனாய். அதில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் உன் இடம் இன்னும் காலிதான்.

இப்போது நான் இருக்கும் ஏற்காட்டில் எல்லோரும் 'ஏனுங்க' என்கிறார்கள். யாரும் பீப் போடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் நீயென்று திரும்பிப் பார்க்கிறேன்.

ஒருமுறை வந்து கேள். முழிக்காமல் பதில் சொல்கிறேன்.

உன் மந்திரி