கதவுல கட்டின முந்தானை

என் மகராசிக்கு,

நான் தொலைஞ்சு போகலடி, வீடுதான் தொலைஞ்சு போச்சு. அதச் சொல்றதுக்குள்ள, "இந்த வயசுல ஊர் சுத்தக் கேக்குதா?"ன்னு போனை வச்சிட்ட.

இங்க நம்ம மகன் குடியிருக்குற தெருவுல எல்லாக் கதவும் ஒரே பச்சை. அதான், நீ என் மருந்து பாட்டிலைச் சுத்திக் குடுத்த பழைய மஞ்சப் புடவையில முந்தானையைக் கிழிச்சு, நம்ம கதவுக் கைப்பிடியில அடையாளமா கட்டினேன். தினமும் பஸ்ஸேறி ஊர் பார்த்துட்டு, அதப் பார்த்துதான் வீட்டுக்குள்ள நுழைவேன்.

நேத்து துணியக் காணோம். குப்பைன்னு நெனச்சு, தெருக் கூட்டுற அம்மா அவுத்துட்டாங்க. நான் வேற யார் வீட்டுக் கதவுலயோ சாவியப் போட்டு மல்லுக்கட்டினேன். உள்ளேருந்து ஆறடி ஆள் ஒருத்தன் வந்தான். அடிக்கப் போறான்னு கண்ண மூடிக்கிட்டேன். அவன் என் கையப் பிடிச்சு, கதவு கதவா சாவி போட்டுப் பார்த்தான். பதினோராவது கதவு தெறந்துச்சு. அவனுக்கு என்னைவிட சந்தோஷம்!

அவன்தான் தெருக் கூட்டுற அம்மாகிட்ட விஷயத்தச் சொல்லியிருக்கணும். காலையில பார்த்தா, துணியத் துவைச்சு, இஸ்திரி போட்டு, ரெட்டை முடிச்சா கட்டியிருக்காங்க அந்தம்மா. நல்லா இருக்கட்டும்.

தொலைஞ்சு போயிருவேன்னுதானே நீ வர மாட்டேங்கற? தொலைஞ்சாலும் வீட்டுல கொண்டுவந்து விட இங்க ஆள் இருக்கு. டிக்கெட் போடச் சொல்லவா?

"கிழவனுக்குக் கொழுப்பு"ன்னு கடுதாசிய மடிச்சுட்டு எழுந்துட்டியா? போறதுதான் போற, அப்படியே பரண்ல இருக்குற பெட்டிய இறக்கி வை.

உன் முந்தானையப் பிடிச்சே வீடு சேர்ற கிழவன்