டைனமோவில் ஓடும் மின்னலன்

பண்டத்தரிப்பு
14.08.1991

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் மூன்று மாதம் கழித்துக் கிடைத்தது. எண்பத்து மூன்றில் நீங்கள் எழுதத் தொடங்கி, கனடாவுக்குப் போகும்போது என்னிடம் விட்டுச்சென்ற 'உலகைக் காக்கும் ஐவர்' சாகசக் கதையை, கையால் எழுதிய ஒன்பதாம் கொப்பியோடு முடிக்கச் சொல்கிறீர்கள். அரசாங்கம் இங்கே பற்றறிக்கே தடை போட்டபின், ஐவரில் பற்றறியில் பறக்கும் மின்னலன் செத்துப்போவதுதான் நியாயமாம்.

முடிக்க மாட்டேன். அவனைச் சைக்கிளில் ஏற்றிவிட்டேன். இப்போது டைனமோதான் அவனுக்குச் சக்தி. பறப்பதில்லை, மிதிக்கிறான்.

குண்டுவீச்சுக்குப் பதுங்கும் பங்கருக்குள் பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

"ஏனக்கா உவர் இவ்வளவு பிந்தி வாறார்?" என்று பக்கத்து வீட்டு வதனி கேட்டாள்.

"சைக்கிள் மிதிச்செல்லோ வாறார். பிந்தினாலும் வருவார்" என்றேன்.

அப்பாவைக் கடைசி நாளில் சைக்கிள் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்கு மிதித்தது நான்தான். என் முதுகில் சாய்ந்தபடி, "மெல்லப் போ பிள்ளை, அவசரமில்லை" என்றார். செத்தவீட்டைப் பற்றி மாமா எழுதியிருப்பார்.

மற்ற நால்வரையும் வேண்டுமானால் நீங்கள் அங்கே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். மின்னலன் இங்கேதான் இருப்பான். பத்தாம் கொப்பியில் பாதி எழுதிவிட்டேன். தபாலில் அனுப்ப மாட்டேன், வந்து வாசியுங்கள்.

உங்கள் தங்கச்சி