கட்டைவிரலை வெளியே வைத்தவன்

3 ஜூலை 2024, புதன்

இன்றும் ஜிம்மில் தரையிலிருந்து தூக்கிய 180 கிலோ நழுவியது. முழங்காலைத் தாண்டியதும் விரல்கள் விரிந்து கம்பி தரையில் விழுந்தது. முதுகு தாங்குகிறது, கால் தாங்குகிறது. பிடிதான் இல்லை.

கூடத் தூக்கும் மோகன்குமார் பார்த்துக்கொண்டிருந்தான். "கட்டவெரல எதுக்கு மாப்ள வெளிய வெக்கற? கம்பிய ஒட்டி மடக்கி, அதுமேல ரெண்டு வெரலப் போட்டுப் பூட்டு" என்றான்.

நான் கேட்கவே இல்லையே. ஏன் சொல்கிறான்?

5 ஜூலை

அவனும் நானும் ஒரே எடைப் பிரிவு. ஆகஸ்ட் 11 நாமக்கல்லில் டெட்லிஃப்ட் போட்டி. பிரிவுக்கு ஒருவர்தான் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அங்கே ஒரு சான்றிதழ் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எழுதிப்போடலாம். இல்லாவிட்டால் மழை முடிந்ததும் மறுபடி போர்வெல் போடும் ரிக் வண்டி, சத்தீஸ்கர், எட்டு மாதம். இதில் போட்டிக்காரன் எனக்குப் பிடி சொல்லித் தருகிறானாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

8 ஜூலை

நாலு வருடம் போர்வெல் போட்ட கை இது. ராடு மாட்டும்போது கட்டைவிரலை ஒதுக்கித்தான் பிடிப்போம். உள்ளே விட்டால் விரல் போச்சு. ஜிம்மிலும் கை தானாக அப்படியே போகிறது.

9 ஜூலை

அவன் சொன்னபடி பிடித்தேன். 140க்கே உயிர் போனது. நகம் கருத்துவிட்டது. இதற்குத்தானா சொன்னான்? யுவஸ்ரீ மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, "பொண்டாட்டி நல்லது சொன்னாலும் உங்களுக்குச் சந்தேகந்தானுங்க" என்றாள். அவளுக்கென்ன தெரியும். அவன் திருட்டுப் பயல்.

13 ஜூலை, சனி

கண்டுபிடித்துவிட்டேன். அவன் தூக்கும்போது தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு உள்ளங்கை முன்னே, ஒன்று பின்னே. கட்டைவிரலைப் பூட்டவே இல்லை. அப்புறம் எனக்கு மட்டும் எதுக்குடா அந்தப் பிடி?

14 ஜூலை

ஜிம் விடுமுறை. நாளைக்குக் கேட்டே தீருவது.

15 ஜூலை

கேட்டேன்.

அவன் வலது கட்டைவிரலில் எப்போதும் சுற்றியிருக்கும் பிளாஸ்திரியைப் பிரித்தான். நகம் இருக்க வேண்டிய இடத்தில் விரலே இல்லை.

"நானும் ரிக்குக்குப் போனவந்தான் மாப்ள. பைப்புல மாட்டிக்கிச்சு. பூட்டறதுக்கு எனக்கு வெரலு எங்க? உனக்கு முழுசா இருக்குதில்ல."

தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடினேன்.

26 ஜூலை

180 கையில் நின்றது. விரல் வலி பழகிவிட்டது. ஆனாலும் ஒன்று இடிக்கிறது — நான் ஜெயித்தால் அவனுக்கென்ன லாபம்?

11 ஆகஸ்ட், ஞாயிறு

எனக்கு 190. அவன் கடைசியாக 192.5 கேட்டான். முழங்கால் வரை வந்தது. வலது கையிலிருந்து நழுவியது. மாநிலப் போட்டிக்கு நான்தான். அதற்கு முன்னால், நான் மேடையேறும்போது கையை மடக்கச் சொல்லி விரல் பூட்டைத் தொட்டுப் பார்த்து அனுப்பியவனும் அவன்தான்.

அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? மாட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 9ஆம் தேதி எழுதிய 'திருட்டுப் பயல்' என்பதை அடிக்கப் பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. எழுதியது யார் என்று எனக்கு மறக்கக் கூடாது.