யார் சொன்னது, மச்சாள்?

என் உயிருக்கு உயிரான றெஜினா மச்சாளுக்கு,

முதலில் செய்தி. நான் பாஸ். வெறும் பாஸ் இல்லை, ஆய்வேட்டுக்கு ஏ! பள்ளிமுனையில் எந்தச் செய்தியும் உங்களைத் தாண்டிப் போனதில்லை. நீங்கள் இருந்திருந்தால் நான் வீட்டுக்கு வந்து சேருமுன்னமே கோயிலடி வரைக்கும் இது போயிருக்கும்.

இதை வாசிக்கப்போகிற மற்றவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என் கணவர் அன்ரனின் அக்கா. ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, ஒரு கிணறு, நாள் முழுக்கக் கதை. நான் முன்பள்ளி ரீச்சர். நாற்பது வயதில் சனிக்கிழமை வகுப்புக்குப் பதிந்து பட்டப்படிப்புத் தொடங்கியபோது, ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நீங்கள் மட்டும் வாயைத் திறந்து சிரித்தீர்கள். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் என் வீட்டு உலையையும் நீங்களே வைத்தீர்கள்.

முதல் கட்டுரை நினைவிருக்கிறதா? நம்முடைய பெருக்க மரத்தைப் பற்றி, யானைக்கால்போல அடி பெருத்த அந்தப் பழைய மரத்தைப் பற்றி எழுதினேன். நீங்கள் சொன்னதை அப்படியே போட்டேன். ‘இந்த மரத்தை அறபிகள் கொண்டுவந்து நட்டார்களாம். இலையை ஒட்டகத்துக்குப் போட்டார்களாம்.’ முசலியில் இருந்து வந்து எங்களுக்குப் படிப்பித்த நஸ்ரின் மிஸ், என்னைவிட வயது குறைந்தவர். வசன முடிவில் வந்த ஒவ்வொரு ‘ஆம்’ஐயும் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘யார் சொன்னது?’ என்று எழுதியிருந்தார். தாள் அம்மைக்காரியின் முகம்போல இருந்தது.

நான் விடுவேனா? அடுத்த தடவை கட்டுரையின் கடைசியில் உசாத்துணைப் பட்டியல் ஒன்று போட்டேன். ஆசிரியர்: பள்ளிமுனை ஊரார். மிஸ் அதற்குக் கீழே, ‘ஊரார் இதை எந்த ஆண்டு வெளியிட்டார்கள்? பதிப்பகம் எது?’ என்று கேட்டிருந்தார். வகுப்பே சிரித்தது. அழுகையும் ஆத்திரமுமாக உங்களிடம்தான் ஓடிவந்தேன்.

“ஆர் சொன்னதெண்டு கேக்கிறாவோ? நான் சொன்னனான் எண்டு போடடி.”

“நீங்கள் ஆர் சொல்லிக் கேட்டனீங்கள், மச்சாள்?”

“என்ர மாமி சொன்னவ.”

“மாமிக்கு ஆர் சொன்னது?”

“இப்பிடியே கேட்டுக்கொண்டு போனா ஆதாமிட்டத்தான் போய் நிக்கோணும். அவரும் ஏவாள் சொன்னவ எண்டுதான் சொல்லுவார்!”

அதோடு எனக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் கேள்வி போகவில்லை.

மெல்ல மெல்லப் பழகினேன். எங்கே மேற்கோள்குறி போடுவது, பிறர் கருத்தை என் வசனத்தில் எழுதினாலும் பெயரை ஏன் சொல்ல வேண்டும், பக்க எண்ணை எங்கே வைப்பது என்று எல்லாம். ஒற்றுத்தான் என் உயிரை வாங்கியது. ஒரு ‘க்’ விட்டதற்கு மிஸ் கட்டுரைக்குப் போடும் புள்ளியில் ஒன்றைக் குறைத்தார் என்று சொன்னபோது, “புள்ளி வைக்காததுக்குப் புள்ளியைக் குறைச்சவவோ? சரியான கணக்குத்தான்” என்றீர்கள். அதைச் சொல்லி வகுப்பில் நான் பெயர் எடுத்தேன். உங்கள் பெயரைச் சொல்லித்தான் சொன்னேன். ஆதாரம் முக்கியம் அல்லவா?

பிறகு அது எங்களுக்குள் விளையாட்டாகிவிட்டது. நீங்கள் ஊர்க்கதையோடு படலையைத் திறந்தால், “ஆதாரம்?” என்பேன். “கண்ணாலை கண்டது.” “பக்கம்?” “மீன்சந்தைக்குப் பக்கம்!” அன்ரன் எங்கள் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

விளையாட்டாய்க் கேட்கப்போய்த்தான் ஒன்றைக் கவனித்தேன். கச்சான் காற்று மூசி அடித்த ஒருநாள், கடலுக்குப் போன உங்கள் மனுசன் லோறன்ஸ் அண்ணனின் போட் இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்து, “போட் வந்திட்டுதாம்” என்றாள். நீங்கள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி, “வந்திட்டுது, அக்கா” என்று கத்தினாள். உடனே எழும்பி அடுப்பை மூட்டினீர்கள். ஏன் முதலே மூட்டவில்லை என்று கேட்டேன்.

“அவள் ‘ஆம்’ எண்டெல்லோ சொன்னவள். கண்டிருந்தா ‘ஆம்’ போடுவாளோ?”

நஸ்ரின் மிஸ் வட்டம் போட்ட அந்த ‘ஆம்’தான் நம்முடைய அடிக்குறிப்பு! நான் கண்டதில்லை, கேட்டது என்று பேச்சுக்குள்ளேயே ஒப்புக்கொள்கிற சொல். கட்டுரைக்கு அது போதாது, உண்மைதான். ஆனால் அது பொய்யும் இல்லை, சோம்பலும் இல்லை. மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இதையே ஆய்வேடாச் செய்யுங்கோ” என்றார்.

அப்படித்தான் நீங்கள் என் தகவலாளர் ஆனீர்கள். போனை நடுவில் வைத்துவிட்டு எத்தனை பின்னேரம் கதைத்தோம்! உங்கள் சம்மதத்தைப் பதிய வேண்டும் என்று சொன்னபோது, போனுக்குக் கிட்டக் குனிந்து, “என்ர பேரை வடிவாப் போடு. லோறன்சின்ர மனுசி எண்டு போட்டியோ, கழுத்தைத் திருகுவன்” என்றீர்கள்.

நீங்கள் போன அன்று நான் யாழ்ப்பாணத்தில், நூலகத்தில் இருந்தேன். அன்ரன் கடையடியில் நின்று போன் எடுத்தார். “யசி, அக்கா மோசம் போயிட்டாவாம். ஆஸ்பத்திரியிலையிருந்து சொல்லியனுப்பியிருக்கினம்.” பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த ‘ஆம்’ஐப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். இவர் காணவில்லை, கேட்டதுதானே, பிழையாக இருக்கலாம் என்று மாதாவிடம் வாதாடினேன். தள்ளாடி என்ற இடத்தைத் தாண்டி, மன்னார்ப் பாலத்தில் பஸ் ஏறியபோதும் நம்பிக்கை இருந்தது. மன்னார் பஸ் நிலையத்தில் அன்ரன் நின்றார். “அக்கா போயிட்டா” என்றார். அவ்வளவுதான்.

பிறகு சிக்கல் வந்தது. ஆய்வேட்டு உதாரணங்களில் பெரும்பாலானவை உங்கள் வாயிலிருந்து வந்தவை. “ஒரே தகவலாளர், அதுவும் சொந்தம், இப்ப உயிரோடையும் இல்லை. பரீட்சகர் ஏற்காட்டி முழு ஆய்வேடும் போயிடும், யசிந்தா” என்று நஸ்ரின் மிஸ் கவலைப்பட்டார். வேறு ஆட்களிடம் மறுபடி பதியலாம், அல்லது பெயரை விட்டுவிட்டு ‘தகவலாளர் 1’ என்று போட்டுப் பார்க்கலாம் என்றார். அன்ரன் அதைவிடச் சுலபமான வழி சொன்னார்.

“உயிரோடை இருக்கிற ஆரின்ரையாவது பேரைப் போடன். ஆருக்குத் தெரியப்போகுது?”

“உங்கட அக்கா சொன்னதை வேறை ஆக்கள் சொன்னதெண்டு எழுதினா, அது களவு.”

ஆய்வேட்டுப் பிரதி பரீட்சகருக்கு உங்கள் பெயரோடுதான் போனது. விழுந்தால் உங்களோடு சேர்ந்து விழுவோம் என்று முடிவுகட்டிவிட்டேன்.

வாய்மொழிப் பரீட்சைக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். கதிரையின் நுனியில் நான். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, சிரித்தபடியே கேட்டார்.

“வெளியிலை கேள்விப்பட்டன். உங்கட மச்சாள் ஊர்வம்புக்குப் பேர்போனவவாம். அவவின்ர கதையை எப்பிடி நம்புறது?”

மச்சாள், அந்த நேரம் எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது.

“சேர் அவவை நேரிலை கண்டனீங்களோ?”

“இல்லை, கேள்விப்பட்டதெண்டு சொன்னனே.”

“அதாலைதான் சேர் ‘பேர்போனவவாம்’ எண்டு சொல்லுறீங்கள். கண்டிருந்தா ‘பேர்போனவ’ எண்டு சொல்லியிருப்பீங்கள். இந்த ஆய்வேட்டிலை உள்ளதும் அதுதான்.”

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். நஸ்ரின் மிஸ் தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பேராசிரியர் உண்மையான கேள்விகளைக் கேட்டார். எந்த வசனம் எப்போது, எங்கே, யார் முன்னால் பேசப்பட்டது என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஒலிப்பதிவுகளும் இருந்தன. வெளியே வரும்போது நான் நடந்தேனா பறந்தேனா என்று கேட்காதீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை.

ஏற்றுக்கொண்டார்கள். ‘தகவலாளர் 1’ இல்லை. பட்டியலில், பெரிய புத்தகங்கள் எழுதியவர்களோடு ஒரே வரிசையில், உங்கள் பெயர்: றெஜினா. யாருடைய மனைவி, யாருடைய தாய் என்று ஒன்றும் இல்லை.

ஒரேயொரு திருத்தம் கேட்டிருந்தார்கள். எல்லா இடத்திலும் நான் ‘றெஜினா கூறினார்’ என்று எழுதியிருந்தேன். அதை நிகழ்காலத்துக்கு மாற்ற வேண்டுமாம். இதற்கு மட்டும் ‘ஆம்’ போட விடுங்கள், அப்போது என்னால் நம்ப முடியவில்லை.

“அவ இப்ப இல்லையே, மிஸ்” என்றேன்.

“கட்டுரையிலை அது பொருட்டில்லை, யசிந்தா. செத்து எத்தினையோ நூற்றாண்டு போன புலவர்மாரையும் ‘கூறுகிறார்’ எண்டுதானே எழுதுறம்?”

கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினேன். ஒரேயடியாக மாற்ற வழி இருந்தது, நான் அப்படிச் செய்யவில்லை. றெஜினா கூறுகிறார். றெஜினா விளக்குகிறார். றெஜினா இதை மறுக்கிறார். முதல் பக்கத்தில் அழுதேன். கொஞ்சப் பக்கம் போக அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் வாயை யாரால்தான் அடைக்க முடியும்?

இனி நான் எங்கே எதை எழுதினாலும் உங்களைக் கடந்தகாலத்தில் எழுதமாட்டேன், மச்சாள். அப்படி எழுதியதில் இந்தக் கடிதம்தான் கடைசி.

என்றும் உங்கள் மச்சாள்,
அன்ரனின் யசிந்தா இல்லை, யசிந்தா.
பள்ளிமுனை