நிலநடுக்கம் என்று கைதட்டுகிற கல்லூரி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதியும் விட்டேன், ஆனால் வியாழக்கிழமையிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. காய்ச்சல் இல்லை, பித்தம் இல்லை, வெறும் அருவருப்பு. போனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் வேறு எதையாவது தட்டிக்கொண்டிருப்பாய், அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும், அதனால்தான் கடிதம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று காலையில் ஷூ மாட்டிக்கொண்டு வீராப்பாகக் கிளம்புகிறார், தெருமுனை டீக்கடை வரைக்கும் நடந்து, அங்கேயே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு வருகிறார். எங்கள் பல் க்ளினிக்குக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்திருக்கிறார், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பல் பிடுங்குகிறார். வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு உள்ளே நடப்பது கச்சேரியா சித்திரவதையா என்று தெரிவதில்லை. மாடி வீட்டு அக்கா உன்னை விசாரித்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கைக்கு ஆர்க்கிடெக்சர் படிக்க இரண்டு கல்லூரியிலும் இடம் கிடைத்தது உனக்குத் தெரியும். ஒன்று நீ படித்த பெரிய கல்லூரி, இன்னொன்று ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற, யாரும் பெயர் சொல்லிப் பெருமைப்படாத கல்லூரி. நீதான் அவளிடம், கண்ணை மூடிக்கிட்டு என் காலேஜ்ல சேரு, அங்க படிச்சா எங்கயும் பொழைச்சுக்கலாம் என்று சொன்னாய். நான் கண்ணைத் திறந்துகொண்டே பார்க்கலாம் என்று இரண்டு நாள் விடுப்பு போட்டு, அப்பாவையும் அவளையும் கூட்டிக்கொண்டுபோய் இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன். நீ படித்த ஐந்து வருஷமும் வாசல் கேட்டோடு எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவாயே, உள்ளே நான் போனது இதுதான் முதல் தடவை.

முதலில் உன் கல்லூரி. வாசலிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி, அப்பா வாயைப் பிளந்துகொண்டு நின்றார், ஈ புகுந்திருந்தாலும் தெரிந்திருக்காது. கோட்டு போட்ட ஒரு ஆள் பல்லை இளித்துக்கொண்டு வந்து எங்களைச் சுற்றிக்காட்டினான். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை, நாம எல்லாம் ஒரே குடும்பம் என்றான். கழிவறைக்குப் போனேன். கதவைத் திறந்தால் வாஷ்பேசினில் இடிக்கிறது, பாதிதான் திறக்கிறது, உடம்பை ஒருக்களித்து நுழைந்தால் பிறகு மூட முடியவில்லை. கட்டடம் கட்டச் சொல்லித்தருகிற இடத்தில் ஒரு அவசரத்துக்குக் கதவைச் சாத்திக்கொள்ள வழியில்லை. வெளியே வந்து அந்தக் கோட்டுக்காரனிடம் சொன்னேன், அவன் அதற்கும் இளித்தான்.

அடுத்து ஸ்டுடியோ என்று மாணவர்கள் வரைகிற கூடத்துக்குப் போனோம். உள்ளே கால் வைத்ததும் பசை நாற்றமும் துவைக்காத துணி நாற்றமும் முகத்தில் அடித்தது. மேசைக்கு அடியில் பாய், தலையணை. பென்சில் போட்டுவைக்கிற டம்ளரில் பல் துலக்குகிற பிரஷ். ஒரு பையன் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து உட்கார்ந்திருந்தான். எப்போதப்பா வீட்டுக்குப் போனாய் என்று கேட்டேன், ஞாபகமில்லை ஆன்ட்டி என்று ஏதோ மெடல் வாங்கியவன் மாதிரி சொன்னான். நீயும் இதே மாதிரிதான் அந்தத் தரையில் படுத்துக் கிடந்திருப்பாய். ஹாஸ்டலில் நல்ல கட்டில் இருக்கிறது என்று எங்களிடம் சொன்னாயே.

அன்றைக்கு அங்கே ஜூரி நாள். மாணவர்கள் தாங்கள் செய்த மாடலைக் கொண்டுபோய் ஆசிரியர்கள் முன்னால் நிறுத்திப் பதில் சொல்ல வேண்டும், பெற்றோரும் பின்னால் நின்று பார்க்கலாம் என்றார்கள். ஒரு மெலிந்த பெண் வந்தாள், நம் சின்னவளைவிட ஒரு வயது கூடுதலாக இருந்தால் அதிகம். குழந்தைகள் காப்பகம் செய்திருந்தாள். ஸ்பாஞ்சில் வெட்டிய மரங்கள், நூலில் கட்டிய ஊஞ்சல்கூட இருந்தது, ஊதினால் ஆடும். உங்கள் துறைத்தலைவர், உன் பட்டமளிப்பு போட்டோவில் பக்கத்தில் நிற்கிற அதே ஆள்தான், முடி மட்டும் நரைத்திருக்கிறது, ஏதோ கேள்வி கேட்டார். அவள் கொஞ்சம் தடுமாறினாள். அவர் எழுந்து வந்து, நிக்குதான்னு பார்த்துடுவோம் என்று சொல்லிவிட்டு அந்த மாடல்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். நொறுங்குகிற சத்தம் கடைசி வரிசையில் நின்ற எனக்குக் கேட்டது. உடனே கூடம் முழுக்க நிலநடுக்கம் நிலநடுக்கம் என்று கத்திக் கைதட்டினார்கள். இதுதான் அந்தக் கல்லூரியின் வழக்கமாம், கோட்டுக்காரன் பெருமையாகச் சொன்னான். அந்தப் பெண்ணும் சிரித்தாள். மரத்துப்போகிற ஊசி போட்ட பிறகு எங்கள் க்ளினிக்கில் பாதி வாயால் சிரிப்பார்களே, அப்படி ஒரு சிரிப்பு. அப்பா குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதோடு விட்டிருந்தால்கூட நான் வாயைக் கட்டிக்கொண்டு வந்திருப்பேன். நான் உன் அம்மா என்று தெரிந்ததும் துறைத்தலைவர் விழுந்து விழுந்து உபசரித்து ஒரு அலமாரிக்கு முன்னால் கூட்டிப்போனார். உடைத்த மாடல்களை எல்லாம் அதில் அடுக்கிவைத்து விளக்கு வேறு போட்டிருக்கிறார்கள், பெயர் கல்லறை. இது உங்க பையனோடது, இதுக்கப்புறம்தான் அவன் உருப்பட்டான் என்றார். அவர் காட்டாமல் விட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும். நாக்கை அழுத்திப் பார்க்க க்ளினிக்கில் வைத்திருப்பார்களே, நான் கொண்டுவந்து கொடுத்த அந்த மரக்குச்சிகளில் நீ செய்த படிக்கட்டு அதில் அப்படியே இருந்தது, கூரைதான் உள்ளே போயிருந்தது. அந்த ஜூரி முடிந்து வீட்டுக்கு வந்தவன், நல்லா போச்சும்மா என்று சொல்லிவிட்டு மறுநாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். தூக்கம் போதவில்லை என்று நினைத்து உன்னை எழுப்பாமல் கதவைச் சாத்திவைத்தேன். அந்த ஆள் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

சரி, இன்னொரு கல்லூரியையும் சொல்லிவிடுகிறேன். அதைத் தலையில் தூக்கிவைத்து ஆட நான் தயாராக இல்லை. லிஃப்ட் வேலை செய்யவில்லை, அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார். நோட்டீஸ் போர்டில் போன வருஷத்து அறிவிப்பு தொங்குகிறது. கேன்டீன் டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். ஆனால் அங்கே ஒரு ஆசிரியை ஒரு பையனின் வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். அவன் வரைந்ததன் மேல் மெல்லிய டிரேசிங் தாளை விரித்து, அந்தத் தாளில்தான் தன் பென்சிலை வைத்தார். ஏன் மேடம் நேராகவே கோடு போடக்கூடாதா என்று கேட்டேன். அது அவனோடதுங்க, அதுல நான் எப்படிக் கை வைக்கிறது என்றார். எனக்கு அது போதும். சின்னவளுக்குப் போதவில்லை, டல்லா இருக்கும்மா என்று உதட்டைப் பிதுக்கிவிட்டாள்.

இப்போது எனக்குச் சாப்பாடு இறங்காததற்குக் காரணம் சொல்கிறேன். அந்த மாடல் நொறுங்கியபோது நான் திரும்பி உன் தங்கையைப் பார்த்தேன். அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள். தெரு நாய்க்குக் காலில் அடிபட்டால் இரண்டு நாள் அழுகிறவள், அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள். பஸ்ஸில் வரும்போது என்னடி இது என்று கேட்டேன், அதெல்லாம் அங்க சகஜம்மா, அண்ணனே சொல்லியிருக்கான், அப்பதான் தோல் தடிக்கும் என்றாள். இன்னும் அங்கே சேரக்கூட இல்லை, அதற்குள் தடித்துவிட்டது. வீட்டில் மூன்று நாளாகச் சண்டை. அப்பா எனக்கும் தலையாட்டுகிறார், அவளுக்கும் தலையாட்டுகிறார். மாதக் கடைசிக்குள் எந்தக் கல்லூரி என்று முடிவு சொல்லியாக வேண்டும். நான் கத்தினால் அவள் காதில் ஏறாது, நீ சொன்னால் வேதவாக்கு.

பெரியவனே, போன மாதம் நீ போனில் ஒரு கதை சொன்னாய். உன் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண் தப்பாக வரைந்துவிட்டாள் என்று எல்லார் முன்னாலும் அவள் வரைந்ததைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டாயாம், எல்லாரும் சிரித்தார்களாம், மறுநாள் அவள் ஒழுங்காக வரைந்துகொண்டு வந்தாளாம். நீ அதைச் சொல்லி நன்றாகச் சிரித்தாய். உன் தங்கையும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கல்லறைக்கு முன்னால் நிற்கும்போது உன் மாடலைப் பார்த்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த நிமிஷம் உன் ஆபீஸ் பெண்ணின் ஞாபகம் வந்தது, அழுகை நின்றுவிட்டது. அந்த ஆள்மேல் எவ்வளவு அருவருப்போ அவ்வளவும் உன்மேல் வந்தது. பெற்ற பிள்ளைக்கு இப்படி எழுதுகிறாளே என்று நினைக்காதே, எழுதாமல் இருக்க முடியவில்லை.

அதனால் தங்கைக்குப் போன் போடுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் போய்ப் பேசு. என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பேசி முடித்த பிறகு உன் தங்கையைக் கூப்பிட்டு, அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது உன் மனசில் என்ன ஓடியது என்று அவளிடம் சொல். எனக்குச் சொல்ல வேண்டாம், நான் தாங்கமாட்டேன். அதைக் கேட்ட பிறகும் அவள் அங்கேதான் போவேன் என்றால் நானே பெட்டி கட்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், மருமகளைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு, யார் வயிற்றெரிச்சலும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். மாதக் கடைசி, மறந்துவிடாதே. முதலில் அந்தப் பெண்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத, உன் போனுக்குக் காத்திருக்கிற,
அம்மா